தகட்டில் அழும் பெண்கள்

மாமா சாவு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்ற மாட்டார். வாசல் பந்தலோடு நின்றுவிடுவார். கொண்டுபோன ரோஜா மாலையை யாராவது ஒருவர் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவார். செத்தவரின் மகனையோ மருமகனையோ கண்ணால் தேடிப் பிடித்து ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிற சத்தம் கொஞ்சம் ஏறினால் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். காருக்குள் வந்து கண்ணாடியை ஏற்றிய பிறகுதான் மூச்சு விடுவார்.

"ஏன் இப்படிக் கத்துறாங்க? டீசன்டா அழக் கூடாதா?" என்று என் அக்காவிடம் கேட்பார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்திருப்பாள் போல.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சிதம்பரத்தில் கட்டட இன்ஜினியர். ஊரில் பாதி மண்டபமும் முக்கால்வாசி மாடி வீடும் அவர் போட்ட பிளான்தான் என்று சொல்வார்கள். சட்டையில் மடிப்பு கலைந்து அவரை நான் பார்த்ததில்லை. டீசன்ட் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. ரசத்தை உறிஞ்சிக் குடித்தால் டீசன்ட் இல்லை. போனில் உரக்கப் பேசினால் இல்லை. நானும் அக்காவும் எதையாவது நினைத்துச் சிரித்தால் ஹாலிலிருந்து தொண்டையைச் செருமுவார். அதோடு நிறுத்திக்கொள்வோம்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நாங்கள் இருப்பது கடலூர் முதுநகர். என் கணவர் அங்கே மருந்துக் கடை வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. யாரும் கூப்பிடாமல் லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினார். பேன்ட்டை மடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்து வந்து எங்களோடு இருந்த என் அம்மாவை அப்படியே தூக்கி லாரியில் உட்கார வைத்தார். ஒரு வார்த்தை பெரிதாகப் பேசவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதையை இன்றைக்கு நினைத்தாலும் தப்பு என்று தோன்றவில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது கூடுதலாகக் கசக்கிறது.

டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு வருடம் இன்ஜினியர்களை இத்தாலிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். மாமா போய்விட்டு வந்து ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார். மற்றவர்கள் கோபுரம், கோயில், சாப்பாடு என்று சொல்ல, இவர் மட்டும் ஏதோ மியூசியத்தில் பார்த்த கல் சிற்பங்களைப் பற்றிப் பேசினார். பழைய ரோமாபுரியின் சாவுச் சிற்பங்கள். புது வீடு முடியும் தறுவாயில் இன்டர்நெட்டில் தேடி, அதே சிற்பங்களின் படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியைப் பிடித்தார். மரப்பெட்டிக்குள் தெர்மாகோல் வைத்து வந்தன. ஹால் சுவருக்கு மூன்று தகடு. ஒவ்வொன்றும் கதவு அகலம்.

முதல் தகட்டில் செத்துப்போன ஒரு பெண்ணைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் தலையை விரித்துப்போட்ட பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவதில் பாடை ஊர்வலம். குழல் ஊதுகிறவர்களும் கொம்பு ஊதுகிறவர்களும் முன்னால் போக, அவர்களுக்கும் பாடைக்கும் நடுவில் கையை உயர்த்திக்கொண்டு பெண்கள். மூன்றாவதில் முக்காடு போட்ட ஒருத்தி, தாடையில் கையை முட்டுக்கொடுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லின் சாம்பல் நிறம் தகட்டின் பளபளப்பில் ஈரம் பட்டது மாதிரி தெரியும்.

"கல்யாணம் பண்ணி வாழுற வீட்டுல எழவுப் படத்தை மாட்டுவாங்களா?" என்று என் அம்மா அக்காவிடம் கிசுகிசுத்தாள்.

"சொல்லிப் பாத்துட்டேம்மா. இது ஆர்ட்டாம். ஈரத்துணியால தொடச்சா அழுக்கே புடிக்காதாம்" என்றாள் அக்கா.

புதுமனை புகுவிழா அன்று மதியம் பெரிய மனிதர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். டைல்ஸ் கம்பெனி மேனேஜர், பேங்க் ஆபீசர், ஒரு டாக்டரும் அவர் மனைவியும். மாமா அவர்களைத் தகடுகளின் முன்னால் நிறுத்தி விளக்கினார். நான் பாயசம் கொண்டுபோனபோது கேட்டேன்.

"இந்தப் பொம்பளைங்க சொந்தக்காரங்க இல்ல மேடம். கூலிக்கு வந்தவங்க. வசதியான வீட்டுல சாவு விழுந்தா இவங்களை வரவழைப்பாங்க. தலைய விரிச்சுப் போட்டு, மாரடிச்சுகிட்டு, செத்தவங்களோட பெருமையப் பாட்டா பாடிகிட்டே பாடைக்கு முன்னாடி போவாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி! என்ன ஒரு நாகரிகம் பாருங்க."

"காசுக்கா அழுவாங்க?" என்று டாக்டரின் மனைவி ஆச்சரியப்பட்டார்.

"ஆமா. ஓவரா போகுதுன்னு அதுக்கும் முன்னாடியே சட்டம்கூடப் போட்டிருந்தாங்க. பொம்பளைங்க கன்னத்தைக் கீறிக்கக் கூடாது, ஓலமிடக் கூடாதுன்னு." இதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் ஒரு திருப்தி.

அவருடைய அம்மா மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து விழாவுக்காகக் கூட்டி வந்து, அப்படியே இங்கே தங்க வைத்திருந்தார்கள். புதுப் பட்டுப்புடவையில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் மெல்ல எழுந்து தகட்டின் கிட்டே வந்தார். மாரில் அடித்துக்கொள்ளும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏன் தம்பி, இதத்தான நானும் எங்கம்மாவும் செஞ்சோம்? பெரிய வூட்டுல எழவுன்னா எங்களத்தான் ஆள் உட்டுக் கூப்புடுவாங்க. நான் எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவளுங்க பாடுவாளுங்க. ஏழு ஊருக்குக் கேக்கும் எங் கொரலு."

டாக்டரின் மனைவி மாமாவைப் பார்த்தார். மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே டாக்டரிடம் திரும்பினார்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி சார். டிவியில பாத்ததை எல்லாம் தனக்கு நடந்ததா சொல்லுவாங்க."

டாக்டர் புரிந்ததாகத் தலையாட்டினார். வயசானால் வருகிற வியாதி என்று என்னவோ மாத்திரை பேர் சொன்னார். மாமா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா மகன் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் எடுத்து வைக்கும்போது அக்கா எனக்குச் சொன்னாள். மாமா ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது, அவர் அம்மா போய் ஒப்பாரி வைத்த பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன் அவர் வகுப்பில் இருந்தானாம். சாவு முடிந்து மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன், துண்டைத் தலைமுடி மாதிரி விரித்துப் போட்டுக்கொண்டு, மாமாவின் அம்மா அழுவதை அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறான். மாரடிப்பு, ராகம், கடைசியில் முந்தானையில் அரிசி வாங்கிக்கொள்கிறது வரைக்கும். வகுப்பே சிரித்திருக்கிறது. வாத்தியாரும் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு மாமா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. விருத்தாசலத்தில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தரம்தான் இதைச் சொன்னாரு. சொல்லிட்டு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல" என்றாள் அக்கா.

எனக்கு அப்போது அவர் மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த அம்மாவுக்கு மறதி என்ற பேச்சு நின்றபாடில்லை. வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் மாமா முதலிலேயே சொல்லி வைத்துவிடுவார். அந்த அம்மா எதைச் சொன்னாலும் வந்தவர்கள் அன்பாகச் சிரித்துத் தலையாட்டினார்கள். மழை வரப்போகிறது என்றாலும் அதே சிரிப்புத்தான். சில மாதம் கழித்து நான் போயிருந்தபோது அந்த அம்மா அக்காவிடம் ரகசியமாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏம்மா, நெசமாவே எனக்கு மறதியா? நான் எழவுக்குப் போனேனா, இல்ல நானா நெனச்சிக்கிறேனா?"

"போனீங்க அத்தை. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். குழந்தை இல்லாத வீடு. அந்த இரண்டு பேருக்கும் பேச அந்தப் படிக்கட்டுத்தான் இருந்தது.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்ததை மாமா யாருக்கும் சொல்லவில்லை. பாண்டிச்சேரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோது எங்களிடம் வைரல் ஃபீவர் என்றார். முடி கொட்டிய பிறகு அவளே எனக்கு போன் செய்தாள். "அவர்கிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. கூட்டம் வந்து அழும்னு பயப்படுறாரு" என்றாள். தனக்கு வந்த வியாதியைப் பற்றி அவள் பேசியதைவிட அவர் பயத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அவளைக் குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது, வாந்தி அள்ளியது எல்லாம் அந்த அம்மாதான். மறதிக்காரர் என்று ஊர் நம்பிய அந்த அம்மாவுக்கு மாத்திரை வேளை ஒன்றுகூடத் தவறவில்லை.

அக்கா ஒரு பின்னிரவில் போய்விட்டாள். நாங்கள் கடலூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் ஹாலில் எல்லாம் ஒழுங்காகிவிட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள். சுற்றி வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். எங்கிருந்தோ மெல்லிய வீணை இசை. பெட்டிக்கு நேர் மேலே அந்த மூன்று தகடுகள்.

என் அம்மா கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். "என்னப் பெத்த தாயே, உன்ன இப்பிடிப் பாக்கவா நான் வந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தவளை மாமா பாதி வழியில் தடுத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, ப்ளீஸ். பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்திருக்காங்க. உக்காந்து அமைதியா அழுங்க."

என் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மகள் செத்துக் கிடக்கும் வீட்டில் மாப்பிள்ளை கெஞ்சுகிற மாதிரி ஒன்றைக் கேட்கிறார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து நானும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் தலைக்கு மேலே அந்தப் பெண்கள் வாயைத் திறந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அம்மா எங்க, மாமா?" என்று கேட்டேன்.

"ஊருக்கு அனுப்பிட்டேன். சுகர் ஜாஸ்தியா இருக்கு. இங்க இருந்தா தாங்க மாட்டாங்க."

பிறகு டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. பொழுது விடிவதற்கு முன்னால், கண்ணாடிப் பெட்டி வருவதற்கும் முன்னால், அந்த அம்மாவை மாமா காரில் ஏற்றியிருக்கிறார். அக்காவின் காலைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. தொட விட்டிருக்கிறார். தொட்ட கையோடு வாயைத் திறக்கப் போனவரை, "அம்மா!" என்று ஒரே அதட்டல். வழியெல்லாம் கார் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டே வந்தாராம், ஒரு சத்தம் இல்லையாம். டிரைவர் இதைச் சொல்லிவிட்டு அழுதார்.

கருமாதி முடிந்து அக்காவின் புடவைகளை எடுக்க நான் மறுபடி போனேன். மாமா ஒரு ஸ்டூலில் ஏறி ஈரத்துணியால் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் மடிப்பு கலைந்திருந்தது. நான் வந்ததைப் பார்த்ததும் இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அழுவ வரல" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பேச்சு ஊர்ப் பேச்சாக மாறியிருந்தது. "தெனம் காத்தால எழுந்ததும் பாக்குறேன், வரமாட்டேங்குது. நெஞ்சுல கல்லு மாதிரி குந்திக்கினு கெடக்குது. இன்னா பண்றதுன்னு தெரியல."

நான் சொன்னேன். "உங்க அம்மாவை வரச் சொல்லுங்க மாமா. அவங்க பக்கத்துல இருந்தா வந்துடும்."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்து துணியை வாளியில் பிழிந்தார். "அது மட்டும் வேணாம்" என்றார். சொல்லும்போது டவுன் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

அக்காவின் சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கிராமத்துக்குப் பஸ் ஏறினேன். மாமா கட்டிக்கொடுத்த டைல்ஸ் போட்ட வீட்டில் அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். புடவையை வாங்கி மடியில் வைத்துத் தடவினார். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"வரமாட்டேங்குதும்மா. யார் யாருக்கோ அழுதேன். இவளுக்குன்னு தொறந்தா வரமாட்டேங்குது. மூடுன்னான், மூடிக்கிச்சி" என்றார். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குச் சோறு போட எழுந்தார்.

ஒரு வருடத்துக்குள் அந்த அம்மாவும் போய்விட்டார். கிராமத்தில் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். அக்கா இருந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பாள் என்பதால் நான் போனேன். தெரு நிறையப் பெண்கள். எல்லோரும் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். வாய் திறக்கவில்லை ஒருத்தியும். மேளமும் இல்லை. ஆயிரம் சாவுக்கு எடுத்துக் கொடுத்த ஒருத்தி நடுவில் கிடக்க, மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாமா மாலையோடு வந்து இறங்கினார். இறங்கும்போதே கையை உயர்த்தி அமர்த்துகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் வந்தார். அமர்த்த ஒன்றும் இல்லை. மெல்லக் கையை இறக்கிக்கொண்டார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நேரம் போகப் போக அவருக்கு வேர்த்தது. ஒவ்வொரு பெண் முகமாகப் பார்த்தார்.

"ஏன் யாரும் அழுவல?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்தான் பேசினாள். அந்த அம்மாவுக்குக் கடைசி வரை கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

"சின்னம்மா சொல்லிட்டுத்தான் பூட்டாங்க. எம்மவனுக்கு சத்தம் புடிக்காது. அவன் கூட நாலு பெரிய மனுசங்க வருவாங்க. அவன் இங்க இருக்கிற வரிக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் கையடிச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க."

மாமாவோடு பெரிய மனிதர் யாரும் வந்திருக்கவில்லை. டிரைவர் மட்டும்தான் வந்திருந்தார்.

"இல்ல, அழுவுங்க" என்றார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்கம்மாவுக்கு அழுவுங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்குக் கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தலையை ஆட்டினாள்.

"செத்தவளுக்குக் குடுத்த வாக்கு தம்பி. நீ அழு. உன்ன யாரு வேணாம்னா?"

அவர் குனிந்து அம்மாவின் முகத்தருகே வாயைக் கொண்டுபோனார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் தோளைத் தொட்டிருக்கலாம். தொடத் தோன்றவில்லை.

பாடை எடுக்கிற நேரம்தான் எந்தச் சாவு வீட்டிலும் ஓலம் உச்சத்துக்குப் போகும். அன்று உறியில் தொங்கும் நெருப்புச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு மாமா முன்னால் நடக்க, ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். காலடிச் சத்தம் கேட்டது. பெண்கள் நாங்கள் வழக்கம்போலத் தெருமுனை வரைக்கும் போய் நின்றுகொண்டோம். அவர்கள் புளியமரத்தைத் தாண்டி வாய்க்கால் மேட்டில் ஏறும்வரை யாரும் அசையவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்தாள். "அவன் பூட்டான்" என்றாள்.

அடுத்த நொடி அவள் எடுத்துக் கொடுத்தாள். தெருவே வெடித்தது. அத்தனை மாரும் அதிர்ந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே குரலாகக் கிளம்பி வயல் மேல் போனது.

வாய்க்கால் மேட்டில் மாமா நின்றுவிட்டார். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது. நெருப்புச் சட்டி பிடித்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாடைக்காரர் ஒருவர் அவர் தோளில் கை வைத்து முன்னால் தள்ளுவது தெரிந்தது. அவர் நடந்தார். சட்டிப் புகைக்குள் அவர் வெள்ளை வேட்டி மறைகிற வரைக்கும் நாங்கள் நிறுத்தவில்லை. மறைந்த பிறகும் நிறுத்தவில்லை.

யாரோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். நான் என் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.